குன்னூரில் அம்மாவுக்கு மூன்று நாள்: சாப்பிட, டீ குடிக்க, காலை நீட்டி உட்கார எங்கே?

பெட்போர்டு வாசி | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி குன்னூர் வந்து நான்கு மாதம் ஆகிறது, வீடு பெட்போர்டு பக்கம். தை கடைசியில் அம்மா விருதுநகரிலிருந்து மூன்று நாள் வருகிறார்.

அம்மா இருபத்தெட்டு வருஷம் வீட்டு முன்வாசலில் இட்லிக் கடை நடத்தியவர். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு முன்னால் நின்றால் பத்து மணி வரை நின்றபடியேதான். போன வருஷம் முழங்கால் வலி தாங்காமல் கடையை மூடினார். இத்தனை வருஷத்தில் அவர் உட்கார்ந்து, இன்னொருவர் பரிமாறி, நிதானமாகச் சாப்பிட்டதை நான் கல்யாணப் பந்தியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த மூன்று நாளும் அவரை நிற்க விடக் கூடாது என்று இருக்கிறேன்.

தொட்டபெட்டா, பொட்டானிக்கல் கார்டன் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம், அந்தப் பட்டியல் வேண்டாம். எனக்கு வேண்டியது நம்ம குன்னூருக்குள், முடிந்தால் பெட்போர்டு, மவுண்ட் ரோடு, சிம்ஸ் பார்க் சுற்றிலேயே, உள்ளூர்க்காரர்கள் போகிற இடங்கள். நல்ல சாப்பாடு, நல்ல டீ, அப்புறம் பாதத்தை வெந்நீரில் வைத்துத் தேய்த்துவிட்டு தலைக்கும் கொஞ்சம் எண்ணெய் வைத்துப் பிடித்துவிடுகிற மாதிரி பெண்கள் நடத்தும் இடம் ஒன்று. குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. பியூட்டி பார்லர் என்றால் வாசலிலேயே திரும்பிவிடுவார், அவ்வளவு கூச்சம். படிக்கட்டு அதிகம் ஏற முடியாது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தேயிலைத்தூள் | ஞாயிறு, இரவு 10.25

நல்ல காரியம் செய்கிறீர்கள், தங்கச்சி. டீயைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், முப்பத்தொரு வருஷம் ஃபேக்டரியில் வாட்டல் தளத்திலும் ருசி பார்க்கும் அறையிலும் இருந்தவன்.

அம்மா வருகிற மாதம் நம் ஊர்த் தேயிலைக்கு நல்ல மாதம். மார்கழி, தை, மாசியில் ராத்திரி பனியும் பகலில் காய்ந்த வெயிலுமாக இருக்கும்போது செடி மெதுவாகத் துளிர்க்கும். அந்தக் கொழுந்தில் வருகிற மணம் மழைக்காலத்துக் கொழுந்தில் வராது. பனிக்காலத் தேயிலை என்று தனியாகக் கேட்டே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதை டீக்கடையில் எதிர்பார்க்கக் கூடாது. டீக்கடையில் கொதிப்பது சி.டி.சி. டஸ்ட், கொழுந்தை மெஷினில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்வது. தூள் சிறியது, உடனே நிறம் இறங்கும், பாலையும் சர்க்கரையையும் தாங்கும். அது ஒரு டீ. ஆர்த்தடாக்ஸ் இலை வேறு டீ. இலையை உருட்டிச் செய்வது, கொதிக்க விட்டால் கசந்துவிடும். ஒன்றை வைத்து இன்னொன்றைக் குறை சொல்வது தோசையை வைத்து ஆப்பத்தைக் குறை சொல்வது மாதிரி.

சிம்ஸ் பார்க்குக்கு மேலே வாக்கர்ஸ் ஹில் ரோட்டில் ஹைஃபீல்டு ஃபேக்டரிக்கு ஆட்டோ வாசல் வரை போகும். உள்ளே கொழுந்து வாடுகிற வாசனையில் பத்து நிமிஷம் நின்றாலே போதும். நிற்க வேண்டாம் என்கிறீர்கள், சரி, உட்கார்ந்தே முகரட்டும். அங்கே இலைத் தேயிலை நூறு கிராம் வாங்கிக்கொண்டு வீட்டில் இப்படிப் போடுங்கள்: தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் இலை, மூடி வைத்து மூன்று நிமிஷம். அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட வேண்டாம். பால் ஊற்றாமல் முதல் வாய் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் அவர் இஷ்டம்.

இன்னொரு இடம் ரயில்வே ஸ்டேஷன். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை வண்டி பத்தரை வாக்கில் மேலே வரும். கல்லாறிலிருந்து தண்டவாள நடுவில் இருக்கிற பல் வைத்த சட்டத்தைப் பிடித்து, பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வந்த நீராவி இன்ஜின் இங்கேதான் கழலும், ஊட்டிக்கு டீசல் இன்ஜின் மாட்டுவார்கள். 1899இல் குன்னூர் வரைக்கும்தான் ரயில், ஊட்டிக்குப் போனது 1908இல். அந்த ஒன்பது வருஷம் மலை ரயிலுக்குக் கடைசி ஸ்டேஷன் நம் ஊர்தான். பிளாட்பாரம் சமதளம், பெஞ்சு இருக்கிறது, கையில் ஒரு டீ. முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல இடம் இல்லை.

வெலிங்டன் பஸ் | திங்கள், காலை 6.50

இட்லிக் கடை நடத்தியவரை இங்கே இட்லி சாப்பிட அழைத்துப் போகாதீர்கள். நம் குளிரில் மாவு சரியாகப் பொங்காது, அவருக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிடும், பாவம், வெளியே சொல்லவும் மாட்டார். புட்டும் கடலையும் போடுகிற மலையாளிக் கடைகள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கின்றன, அங்கே போங்கள். ஆவி பறக்கப் புட்டு குழாயிலிருந்து தட்டில் விழுவதைப் பார்ப்பதே அழகு. அசைவம் சாப்பிடுவார் என்றால் மத்தியானம் மார்க்கெட் பக்கம் பாய் கடைகளில் பிரியாணி, பன்னிரண்டரைக்குள் போய்விடணும். ரெண்டு மணிக்குப் போனால் அடிச்சோறுதான்.

வண்டிச்சோலை | திங்கள், காலை 8.15

மசாஜ் விஷயத்தில் கவனமாக இருங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். போன சீசனில் என் மாமியாரை ஒரு இடத்துக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம், இப்போது அந்த இடமே இல்லை. வாசலில் ஆயுர்வேதம் என்று போர்டு. உள்ளே இருந்த பெண்ணுக்கு எண்ணெயைச் சூடு பண்ணக்கூடத் தெரியவில்லை. அடுப்பிலிருந்து நேராக எடுத்து வந்து தோளில் ஊற்றிவிட்டார், சிவந்து போய் ரெண்டு நாள் ரவிக்கை போட முடியாமல் கஷ்டப்பட்டார். கடைசியில் முதலில் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு பணம் கேட்டார்கள். மாமியார் பயந்துகொண்டு கொடுத்துவிடு என்றார், கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

போகும் முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் செய்வார்கள், எங்கே படித்தார்கள்? என்ன எண்ணெய்? மொத்தம் எவ்வளவு, எழுதித் தருவார்களா? பதில் சொல்லத் தயங்கினால் வந்துவிடுங்கள். மேல் குன்னூரில் பெரிய ஓட்டல்கள் ஒன்றிரண்டில் முறையாகச் செய்கிறார்கள், தங்காதவர்களும் முன்பே போன் செய்து போகலாம், ஆனால் செலவு கூடுதல்.

கோத்தகிரி அக்கா | திங்கள், காலை 11.30

பெட்போர்டு வாசி, முதலில் ஒரு கேள்வி. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், அதனால் கேட்கிறேன்.

பெட்போர்டு வாசி | திங்கள், மதியம் 1.05

உண்டு அக்கா. எட்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார்.

கோத்தகிரி அக்கா | திங்கள், மதியம் 2.20

அப்படியானால் பார்லரில் பாதத்தை வெந்நீரில் ஊற வைத்துக் கல்லாலும் பிளேடாலும் சுரண்டுகிற வேலையே வேண்டாம், கண்ணு. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். தண்ணீர் சுடுகிறதா என்று காலுக்குத் தெரியாது, சின்னக் கீறல் விழுந்தாலும் தெரியாது, அது ஆறுவதற்கும் நாளாகும். அதற்காக அம்மாவுக்குக் காலைக் கவனித்துக்கொள்கிற சுகம் கிடையாது என்று ஆகிவிடாது. இப்படிச் செய்.

வீட்டிலேயே ஒரு அகலமான பேசின். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கணும், உன் முழங்கையை விட்டுப் பார். ஐந்து நிமிஷம் போதும், பத்து நிமிஷம் ஊறினால் தோல் இன்னும் வறண்டுவிடும். மெத்தென்ற துணியால் கழுவித் துடைத்து, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் ஒற்றி எடு. அப்புறம் குதிகாலில் மட்டும் தேன்மெழுகு பாம் தடவு, விரல் இடுக்கில் தடவாதே. மேலே பருத்திச் சாக்ஸ் போட்டு ராத்திரி தூங்கட்டும். வெடிப்பில் ரத்தமோ புண்ணோ இருந்தால் இதெல்லாம் வேண்டாம், டாக்டரிடம் காட்டிவிடு.

அந்த பாம் உன் வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும். பெட்போர்டு சர்க்கிளில் ஜோக்ராஜ் பில்டிங்கில் கிரீன் ஷாப் இருக்கிறதே, எங்கள் கோத்தகிரியில் இருக்கிற கீஸ்டோன் தொண்டு நிறுவனத்து ஆட்கள் ஆரம்பித்தது. மலைத்தேனீ கட்டுகிற பெரிய அடையிலிருந்து குறும்பர்களும் இருளர்களும் பாறையில் இறங்கி எடுக்கிற தேன், மெழுகு எல்லாம் அங்கே வரும். கசப்புத் தேன் என்று ஒன்று இருக்கும், நாவல் பூத்த காலத்தில் எடுப்பது. அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் தேன் நக்கிப் பார்க்கிற அளவோடு நிறுத்திக்கொள்.

தலைக்கு எண்ணெய் வைத்துப் பிடித்துவிட மட்டும் பார்லருக்குப் போகலாம், அதில் பயமில்லை. மவுண்ட் ரோட்டில் பெண்கள் மட்டுமே நடத்துகிற சின்ன இடங்கள் மூன்று நான்கு இருக்கின்றன. வார நாளில் பதினொரு மணி வாக்கில் போனால் கூட்டம் இருக்காது. முதல் நாளே நீ தனியாகப் போய் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டு வா. கூச்சப்படுகிறவர் என்று தெரிந்தால் திரைக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள், கண்ணாடி முன்னால் உட்கார வைக்க மாட்டார்கள். எண்ணெயை வெந்நீரில் வைத்து இளக்கித் தரச் சொல். இந்த மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்திருக்கும், சில பேர் அதைத் தீக்குச்சியால் தோண்டி எடுத்து அப்படியே தலையில் வைப்பார்கள், ஜில்லென்று பிடரி வலிக்கும்.

கற்பூர மரம் | திங்கள், மாலை 5.45

முழங்காலுக்கு நம் ஊர்த் தைலம் இருக்க பாம் எதற்கு? யூக்கலிப்டஸ் தைலமும் விண்டர்கிரீனும் கலந்து தேய்த்தால் வலி பறந்துவிடும்.

கோத்தகிரி அக்கா | திங்கள், மாலை 6.10

தம்பி, தைலம் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அப்படியே தேய்த்தால் வயசானவர்கள் தோல் எரிந்து போகும். ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் அஞ்சாறு சொட்டு, அவ்வளவுதான், அதுவும் முழங்காலுக்கு மட்டும். சர்க்கரைக்காரர் பாதத்தில் தேய்க்கவே கூடாது. விண்டர்கிரீன் என்பது மீத்தைல் சாலிசிலேட், வலிக்குத் தடவுகிற பாம்களில் இருப்பதும் அதுதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. வாங்குகிற இடமும் முக்கியம். ரோட்டோரத்தில் பழைய பாட்டிலில் ஊற்றித் தருவதில் என்ன கலந்திருக்கிறது என்று முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது.

கற்பூர மரம் | திங்கள், மாலை 6.30

சரி அக்கா, ஒத்துக்கொள்கிறேன். நான் வாங்குவது தைலம் காய்ச்சுகிறவரிடமே நேராக. அவர் அடுப்பில் இலையை அமுக்கி அமுக்கி நிரப்பி விடிய விடிய ஆவி பிடித்தாலும் இறங்குவது கொஞ்சம்தான், அதைப் பார்த்தவன் என்பதால்தான் அந்த நம்பிக்கையில் எழுதினேன். 1843 வாக்கில் வெள்ளைக்காரன் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டு வந்து வைத்த மரம் இன்றைக்கு மலை முழுக்க நிற்கிறது, தண்ணீரையெல்லாம் குடித்துவிடுகிறது என்ற வருத்தமும் எனக்கு உண்டு. தைலத்தை மட்டும் விட முடியவில்லை.

ஹட்டிக்காரன் | செவ்வாய், காலை 7.20

யாருமே படகர் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. குன்னூரைச் சுற்றி எத்தனை ஹட்டி, அதாவது எங்கள் படகர் ஊர், இருக்கிறது! ஆனால் உண்மையைச் சொன்னால், அது ஓட்டலில் கிடைக்கிற சாப்பாடு இல்லை. ராகி ஹிட்டும் (களி) அவரெ உதக்கவும் (அவரைக் குழம்பு) வீட்டில்தான். ஹிட்டை உருண்டையாகத் தட்டில் வைத்து நடுவில் குழி பண்ணி அதில் உதக்கவை ஊற்றுவோம். ஓரத்திலிருந்து கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கணும். எங்கள் பாட்டி, மென்றால் பசிக்கும் என்பார். ராகியும் அவரையும் என்பதால் அம்மா உடம்புக்கும் அவ்வளவாகப் பயப்பட வேண்டியதில்லை, அளவைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பெட்போர்டு வாசி, ஒரு மத்தியானம் அம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். என் மனைவியிடம் சொல்லிவிட்டேன், அவளுக்கும் சந்தோஷம். வண்டி வாசல் வரை வரும், படி ரெண்டே ரெண்டு. தனிச்செய்தியில் வழி அனுப்புகிறேன்.

வெலிங்டன் பஸ் | செவ்வாய், காலை 7.55

நம் ஊர் பேக்கரிகளில் போடுகிற அடுக்கு பிஸ்கட், வர்க்கியை மறந்துவிட்டீர்களே எல்லோரும்! சூடான வர்க்கி, அடுப்பிலிருந்து எடுத்த உடனே.

தேயிலைத்தூள் | செவ்வாய், காலை 9.00

சூடான வர்க்கியா? வர்க்கி ஆறி, ஒரு ராத்திரி தகர டின்னில் இருந்து, மொறுமொறுவென்று ஆன பிறகு சாப்பிட வேண்டியது. சூட்டில் உள்ளே இன்னும் ஈரம் இருக்கும், பல்லில் ஒட்டும்.

வெலிங்டன் பஸ் | செவ்வாய், காலை 9.20

சூட்டில்தான் அந்த விறகு வாசனை இருக்கும் சார்! டின்னில் வைத்தால் அது போய்விடும். நான் ஸ்கூலுக்குப் போகிற காலத்தில் பேக்கரி பின்கட்டில் நின்று வாங்கித் தின்றது இன்னும் நாக்கில் இருக்கிறது.

பர்லியார் வளைவு | செவ்வாய், காலை 10.40

ரெண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், எந்த வர்க்கி என்பதுதான் கேள்வி. என் தாய்மாமா வர்க்கி போட்டவர், சின்ன வயதில் லீவு விட்டால் அவர் கூடத்தான் இருப்பேன். ஈஸ்ட் போட மாட்டார். வாழைப்பழம், ரவை, சர்க்கரை, மைதா வைத்துப் புளிக்க விடுகிற மாவா என்று ஒன்று உண்டு, முதல் நாளே தயாராகணும். அதைச் சேர்த்துப் பிசைந்த மைதாவை மேஜை நீளத்துக்கு விரித்து, நெய்யோ வனஸ்பதியோ தடவி, மடித்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்து, அப்புறம் கையால் கிள்ளி உருட்டி விறகு அடுப்பில் வைப்பார். மாமா கிள்ளுகிற ஒவ்வொன்றும் ஒரே எடை இருக்கும், தராசே கிடையாது. மடிப்பு ஒழுங்காக இருந்தால் சூட்டிலும் நன்றாக இருக்கும், பத்து நாள் கழித்தும் நன்றாக இருக்கும். வர்க்கியைக் கையில் எடுத்ததும் கனக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் அடுக்கடுக்காக உடையணும், மாவாக நொறுங்கக் கூடாது. விரலில் மெழுகு மாதிரிப் படிந்தால் அது மட்டமான வனஸ்பதி, வாங்காதீர்கள். இந்தக் காற்றின் குளிர்ச்சியில்தான் அது மொறுமொறுப்பாக நிற்கிறது. கோயம்புத்தூரில் கடை போட்டுப் பார்த்தார், அதே கை, அதே மாவு, சரியாக வரவில்லை என்று ஒரே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார்.

பழைய பேக்கரி என்றால் கிரவுன், 1880லிருந்து இருக்கிறது. ஆனால் பெயரைப் பார்த்து வாங்குவதைவிட அன்றைக்குப் போட்டதா என்று கேட்டு வாங்குவதே நல்லது. எங்கே வாங்கினாலும் துணிப்பை கொண்டு போங்கள். அம்மாவிடமும் தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டிலைக் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள், சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நம் மாவட்டத்தில் தடை இருக்கிறது. வெளியூர்க் காரில் வந்தால் இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து அப்படித்தான். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தால் தேவையில்லை.

ஆடி மாதத்தில் வந்திருந்தால் எங்கள் பர்லியாரில் மங்குஸ்தான் வாங்கித் தந்திருக்கலாம். அடுத்த முறை.

வண்டிச்சோலை | செவ்வாய், மாலை 4.30

சிம்ஸ் பார்க் பற்றி ஒரு சின்ன விஷயம். பூங்கா கிண்ணம் மாதிரி கீழே இறங்கும், குளத்துக்குப் போனால் திரும்ப ஏறணும். அம்மாவை மேல் பாதையிலேயே உட்கார வையுங்கள், ருத்ராட்ச மரத்தை மட்டும் விசாரித்துப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். 1874இல் போட்ட தோட்டம், மரங்களை நிமிர்ந்து பார்க்கவே நேரம் போதாது.

கோத்தகிரி அக்கா | செவ்வாய், இரவு 8.00

மூன்றாவது நாள் நேரம் இருந்தால் கோத்தகிரி வாருங்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நடத்துகிற சின்னக் கடைகள் எங்கள் பக்கம் உண்டு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்களுக்காகத்தான் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது, டேன்டீ என்று இன்றைக்குப் பெயர். அவர்கள் சுடுகிற தேங்காய் ரொட்டியும் இடிசம்பலும், உரலில் காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காயும் சேர்த்து இடிப்பது, அம்மா மாதிரி அடுப்படி தெரிந்தவருக்குப் பிடிக்கும். போர்டெல்லாம் இருக்காது, பஸ் ஸ்டாண்டில் இறங்கி எனக்குப் போன் செய், நான் கூட வருகிறேன்.

பெட்போர்டு வாசி | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.50

அம்மா நேற்றுத்தான் ஊருக்குப் போனார். மூன்று நாளுக்கு வந்தவர் எட்டு நாள் இருந்தார். உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நேரம் ஒதுக்கி உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதல் நாள் ஸ்டேஷன். தேயிலைத்தூள் அண்ணன் சொன்ன மாதிரியே பத்தரைக்கு. பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, இன்ஜின் கழலும்போது பெருமூச்சு மாதிரி ஆவி விட்டதைப் பார்த்துவிட்டு அம்மா, "இதுவும் நம்ம மாதிரி காலையிலிருந்து நின்னுக்கிட்டே வேலை பாத்திருக்கு" என்றார். அதற்கப்புறம் தினமும் ஸ்டேஷன் போகணும் என்று கேட்டார், போனோம். ஃபேக்டரியில் வாங்கிய இலை டீயைப் பால் இல்லாமல் கொடுத்தேன். முதல் டம்ளர் பிடிக்கவில்லை, மருந்துத் தண்ணி என்றார். மூன்றாம் நாள் தானாகவே போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார், சர்க்கரை இல்லாமல். அண்ணே, இதற்காக உங்களுக்குத் தனியாக நன்றி. எட்டு வருஷமாக டாக்டர் சொல்லியும் டீக்குச் சர்க்கரையை விடாதவர்.

பாதம். அக்கா, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நான் நேராகப் பார்லருக்கு அழைத்துப் போயிருப்பேன், நினைத்தாலே பயமாக இருக்கிறது. பேசினில் தண்ணீர் ஊற்றி முழங்கை வைத்துப் பார்த்து, அவர் காலை எடுத்து என் மடியில் வைத்தேன். காலை இழுத்து இழுத்துக்கொண்டார். மகள் காலைத் தொடுவதா என்று அவருக்கு ஒரே கலக்கம். குதிகாலில் வெடிப்பு, ஒரு பத்து ரூபாய் நாணயத்தை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவு ஆழம். ஆனால் புண் இல்லை. இடது பாதத்தில் மேல்பக்கம் ஒரு பழைய தழும்பு, எண்ணெய் தெறித்தது, எப்போது என்று கேட்டேன். நான் ஏழாவது படிக்கும்போதாம். அன்றைக்கும் கடை போட்டிருக்கிறார், எனக்குத் தெரியவே தெரியாது. மூன்று ராத்திரி பாமும் சாக்ஸும். நாலாவது நாள் அவரே காலை நீட்டிக்கொண்டு, "என்ன, இன்னிக்கு மறந்துட்டியா" என்றார். வெடிப்பு முழுசாகப் போகவில்லை, ஓரம் மெத்தென்று ஆகியிருக்கிறது.

தலைக்கு மவுண்ட் ரோட்டில்தான். அந்தப் பெண் எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீர் டம்ளருக்குள் வைத்துக் காத்திருந்தார், முதலில் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அம்மா உச்சியில் வைத்தார். இருபது நிமிஷத்தில் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எழுப்ப வேண்டாம் என்று அடுத்து வந்தவரை அரை மணி நேரம் கழித்து வரச் சொன்னார்கள். பணமும் சொன்னதுதான், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

ஹட்டிக்காரன் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. அம்மா ஹிட்டை மென்று மென்று சாப்பிட்டதைப் பார்த்து அண்ணி சிரித்துச் சிரித்து, எப்படி விழுங்குவது என்று காட்டிக் கொடுத்தார். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போகப் பார்த்தபோதெல்லாம் அண்ணி தோளைப் பிடித்து உட்கார வைத்தார், நான்கு தடவையாவது இருக்கும். வரும்போது அவரை விதை ஒரு பொட்டலம் முடிந்து கொடுத்தார், விருதுநகரில் முளைக்குமா என்று அம்மா பார்க்கப் போகிறாராம்.

வர்க்கி: சூட்டிலும் சாப்பிட்டோம், டின்னில் வைத்தும் சாப்பிட்டோம். அம்மா கட்சி வெலிங்டன் பஸ். எனக்கு டின் வர்க்கி. கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கினோம், ஒரு கடையில் விரலில் மெழுகு படிந்தது, வைத்துவிட்டு வந்துவிட்டோம். கோத்தகிரிக்குப் போக முடியவில்லை அக்கா, ரெண்டு நாள் நல்ல தூறல். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, வெலிங்டன் பஸ், நீங்கள் இட்லிக் கடைக்குப் போகாதே என்றீர்களே. அம்மாவே கேட்டார். "இந்த ஊரில் இட்லி எப்படி அவிக்கிறாங்கனு பாக்கணும்" என்றார். மார்க்கெட் போகிற வழியில் ஒரு சின்னக் கடை, நான்கு மேஜை. இட்லி கொஞ்சம் கெட்டிதான். அம்மா ஒன்றும் சொல்லாமல் மூன்று சாப்பிட்டார், கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் அடுப்படி வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். கடைக்காரரும் அவர் மனைவியும் மாவுப் பாத்திரத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள், அம்மா விரலில் எடுத்து முகர்ந்து பார்க்கிறார். முக்கால் மணி நேரம். எட்டு நாளில் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை வேறெங்கும் பார்க்கவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கே எழுந்து, மாவு என்ன ஆயிற்று என்று பார்த்து வரணும் என்றார். அதற்காகத்தான் எட்டு நாளாகிவிட்டது.

வெலிங்டன் பஸ் | ஞாயிறு, இரவு 9.15

தப்பு என் மேல்தான், நல்லவேளை நீங்கள் கேட்கவில்லை. எந்தக் கடை என்று தெரிகிறது, அங்கே நான் பத்து வருஷமாக டீ மட்டும் குடிப்பவன். நாளைக்கு இட்லி சாப்பிடுகிறேன்.

ஹட்டிக்காரன் | ஞாயிறு, இரவு 9.40

விதையை மாசி முடிவதற்குள் போடச் சொல்லுங்கள், வெயில் ஏறிவிட்டால் கஷ்டம். பந்தல் நிழல் வேண்டும். அம்மா சொன்ன மாவுப் பக்குவத்தை இங்கே போடுங்களேன். என் மனைவி கேட்கிறாள், எங்கள் வீட்டிலும் மார்கழி வந்தால் மாவு அசையாது.

பெட்போர்டு வாசி | திங்கள், காலை 6.30

போனில் கேட்டு அப்படியே எழுதுகிறேன். உளுந்தை எப்போதும் போடுவதைவிட ஒரு பிடி கூட. அரிசியோடு ஒரு பிடி அவல் ஊற வை. அரைக்கும்போது ஐஸ் தண்ணி மாதிரி இருக்கிற குழாய்த் தண்ணீரை ஊற்றாதே, கை பொறுக்கிற சூட்டில் வெதுவெதுப்பாக. உப்பை அப்போதே போட்டு, கரண்டியால் இல்லாமல் கையால் அடிவரை கலக்கு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதே. ராத்திரி அடுப்பு வேலை முடிந்ததும் அந்தச் சூடான கல் மேடையிலேயே, கீழே ஒரு சாக்கை மடித்துப் போட்டு வைத்து, மேலே பழைய கம்பளியால் சுற்று. நடுவில் திறந்து பார்க்காதே. சமவெளியில் எட்டு மணி நேரம் என்றால் இங்கே பதினாறு மணி நேரம் ஆகும், அவசரப்படாதே.

அந்தக் கடைக்காரர் நேற்றுக் காலையில் அம்மாவுக்குப் போன் செய்தாராம். மூடியைத் தூக்கிக்கொண்டு மாவு வழிந்திருக்கிறது, பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பிவிட்டாராம்.